நடைபாதைக்கு அருகிலேயே ஒரு கூரை: சென்னையில் வீடற்றோருக்கான ஆதரவு

கட்டடம் எதிலும் குடியிராமல் சாலையோரத்திலும் நடைபாதையிலும், மேம்பாலங்களின் அடியிலும் படிக்கட்டுகளின் கீழும், பெரிய சிமென்ட் குழாய்களிலும் வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளியிலும் ரயில் நிலைய நடைமேடைகளிலும் வாழ்பவர்களை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று வரையறுக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவர்களை எண்ணுவதற்கென்று பிப்ரவரி 28ஆம் தேதி இரவு ஒதுக்கப்பட்டது. அந்த ஓர் இரவில் நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தனர், அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தவர்கள். இரவுக்கு இரவு இடம் மாறிப் படுப்பவர்களும், கடைவாசலிலிருந்து எழுப்பி விரட்டப்பட்டவர்களும், இரவு வேலைக்குப் போயிருந்தவர்களும் இத்தகைய கணக்கில் எளிதில் விடுபட்டுவிடுவார்கள் என்பதால், இந்த எண்ணிக்கையைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வதே பொருத்தமானது.

வீடற்றோர் என்றவுடன் பிச்சை எடுத்துப் பிழைப்பவர்களையே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையின் நடைபாதைகளை ஓரளவு உற்றுப் பார்த்தாலே இந்த எண்ணம் தவறு என்பது புரியும். பாரிமுனை, பிராட்வே, யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம், எழும்பூர் ஆகிய பகுதிகளின் நடைபாதைகளில் இரண்டு, மூன்று தலைமுறைகளாகக் குடும்பமாகவே வாழ்ந்துவருபவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, பூக் கட்டி விற்பது, பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் சேகரிப்பது, கடைகளிலும் வீடுகளிலும் துப்புரவு செய்வது, திருமண மண்டபங்களில் எடுபிடி வேலைக்குச் செல்வது என நகரத்தின் அன்றாட இயக்கத்துக்குத் தேவையான உழைப்பைத் தருபவர்கள் இவர்களே. கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்ட பின்னரும் ஜார்ஜ் டவுனின் கிடங்குகளும் துறைமுகத்தைச் சார்ந்த வணிகமும் அங்கேயே இருப்பதால், விடியற்காலையில் வேலைக்கு ஆள் தேடி வருபவர்களின் கண்ணில் படும் தூரத்தில் தங்கியிருப்பது இவர்களுக்குப் பிழைப்பின் நிபந்தனையாகிறது. அன்றைய கூலியில் வாடகையும் முன்பணமும் கொடுத்து அதே பகுதியில் ஓர் அறை எடுக்க முடியாது. வாடகை குறைந்த புறநகருக்குப் போனால் கூலியில் பெரும்பகுதி பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். வேலையில்லாத காரணத்தால் தெருவுக்கு வந்தவர்களைவிட, வேலையை இழக்காமல் இருப்பதற்காகத் தெருவில் தங்குபவர்களே இப்பகுதிகளில் மிகுதி என்று சொல்வது தவறாகாது.

இவர்களுடன் சேர்த்து எண்ணத்தக்க வேறு சிலரும் உண்டு. வறண்ட மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் தனியாக வந்து கட்டட வேலையிலும் உணவகங்களிலும் உழைக்கும் ஆண்கள், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர்கள், கணவனின் வன்முறைக்குத் தப்பிக் குழந்தையுடன் வெளியேறிய பெண்கள், குடும்பத்தால் ஒதுக்கப்பட்ட திருநங்கையர், மனநோயால் ஊரும் பெயரும் மறந்து அலைபவர்கள் ஆகியோர் தெருவுக்கு வந்த வழிகள் வெவ்வேறு. ஆகவே எல்லோருக்கும் ஒரே வகையான கூடத்தைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று ஓர் அரசோ மாநகராட்சியோ கருதினால், அந்தக் கூடம் பாதி காலியாகக் கிடப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இருக்க இடமில்லாதவர்களுக்கு ஊரே பொறுப்பேற்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. வழிப்போக்கருக்குச் சத்திரமும் சாவடியும் கட்டிவைத்த மரபின் தொடர்ச்சியாகவே, 1780களின் தொடக்கத்தில் சென்னையைப் பஞ்சம் தாக்கியபோது, பசியோடு நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் ராயபுரம் பகுதியில் உருவாயிற்று. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னையின் மூத்த தலைமுறையினர் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று குறிப்பிடுவது இந்தத் தொடர்பினால்தான். சத்திரமோ முதியோர் இல்லமாக இன்றும் இயங்கிவருகிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருப்பதும் யாவரும் அறிந்ததே. இந்த அறநிலையங்கள் பசியை ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் அறம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கேட்டுப் பெறுவதற்கான உரிமையாக உறைவிடம் மாறியது சட்டத்தின் வழியாகத்தான்.

அந்த மாற்றத்தின் முதல் பெரிய நிகழ்வு பம்பாயில் நடந்தது. 1981இல் நடைபாதைவாசிகளை வெளியேற்றி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்க மகாராஷ்டிர அரசு முடிவெடுத்ததை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1985 ஜூலையில் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையில் வாழ்வாதாரத்துக்கான உரிமையும் அடங்கும் என்றும், நடைபாதையிலிருந்து ஒருவரை அகற்றுவது அவருடைய பிழைப்பையே பறிப்பதாகும் என்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் உரிய முன்னறிவிப்புக்குப் பிறகு, மழைக்காலம் முடிந்ததும் அகற்றலாம் என்று அனுமதித்ததால், அந்தத் தீர்ப்பு கொள்கை அளவில் பெரிய வெற்றியாகவும் நடைமுறையில் சிறிய ஆறுதலாகவும் நின்றுவிட்டது.

அடுத்த திருப்பம் உணவுரிமை வழக்கில் வந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த அந்த வழக்கு, உணவுக் கிடங்குகளில் தானியம் நிரம்பிவழியும்போது மக்கள் பசியால் வாடுவதைக் கேள்வி கேட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2009 டிசம்பரில் டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிகத் தங்குமிடம் ஒன்றை அந்நகர மாநகராட்சி கடுங்குளிரில் இடித்துத் தள்ளியது. உணவுரிமை ஆணைகளைக் கண்காணிக்க நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதைக் கடிதம் மூலம் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். தொடர்ந்து 2010இல் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளின்படி, பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகங்களை அமைப்பது மாநில அரசுகளின் கடமையாயிற்று. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டத்தைத் தன் பகுதிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் கவனமாகப் படிக்கத்தக்கவை. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும். குடிநீர், குளியலறை, கழிப்பறை, போர்வை, பொதுச் சமையலறை, முதலுதவி, தீத்தடுப்பு வசதி, கொசுக்கட்டுப்பாடு ஆகியவை இருக்க வேண்டும். குழந்தைகளை அங்கன்வாடியுடனும் பள்ளியுடனும் இணைக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, காப்பகம் எங்கே அமைய வேண்டும் என்பதைப் பற்றிய நெறி. ரயில் நிலையம், பேருந்து நிலையம், மொத்தச் சந்தை போன்று வீடற்றோர் கூடி வாழும், உழைக்கும் இடங்களுக்கு இயன்றவரை அருகில் அது இருக்க வேண்டும் என்று அந்நெறிகள் கூறுகின்றன. வீடற்றோருக்கான எந்த உதவியும் அவர்கள் காலையில் வேலைக்குச் செல்லும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தான் பயன்படும் என்ற உண்மையை, திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி, எல்லை விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 66 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் நகருக்கு 66 காப்பகங்களாவது தேவை. இயங்குபவை ஏறத்தாழ ஐம்பது. இந்தியாவின் பல நகரங்களோடு ஒப்பிட்டால் இது மதிக்கத்தக்க முயற்சியே. பெரும்பாலான காப்பகங்களில் கட்டடத்தையும் நிதியையும் மாநகராட்சி தருகிறது, அன்றாட நிர்வாகத்தைத் தொண்டு நிறுவனங்கள் ஏற்கின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு என அவை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அரசு மருத்துவமனை வளாகங்கள் சிலவற்றில் நோயாளிகளுடன் வரும் உறவினர்களுக்கென்றே அமைக்கப்பட்ட தங்குமிடங்களைச் சென்னையின் நல்ல முன்மாதிரி என்று தயங்காமல் சொல்லலாம். விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ கணவனின் அறுவை சிகிச்சைக்காக வந்த ஒரு பெண், விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் மருத்துவமனை மரத்தடியில் பல வாரங்கள் படுத்திருக்க நேரும் நிலையும் வீடற்ற நிலையே என்பதை இந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

குறை எங்கே என்றால், நகரத்தின் வீடற்றோரில் கணிசமானோர் குடும்பமாக வாழ்பவர்கள், காப்பகங்களோ பெரும்பாலும் தனிநபர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. கணவன் ஓரிடத்திலும் மனைவி வேறோரிடத்திலும், பதின்வயதை எட்டிய மகன் மூன்றாவது இடத்திலும் படுக்க வேண்டும் என்றால், அந்தக் குடும்பம் பழகிய நடைபாதையையே தேர்ந்துகொள்ளும். அங்கே அவர்களுடைய பாத்திரங்கள், தண்ணீர்க் குடம், தகரப் பெட்டி, தொழிலுக்கான வண்டி ஆகியவை இருக்கின்றன. காப்பகத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம் மட்டுமே கிடைக்கும். இந்தத் தேர்வைப் பிடிவாதம் என்று குறை கூறுபவர்கள், நடைபாதையில் பெண்கள் கொடுக்கும் விலையை அறிந்தவர்களாகவே இருந்தும் அப்படிச் சொல்வதுதான் வருத்தத்துக்குரியது. குளிப்பதற்கும் கழிப்பறைக்கும் கட்டணம், அது பூட்டப்பட்ட பிறகு விடியும்வரை அடக்கிக்கொள்ளும் வேதனை, தாறுமாறாக ஓடிவரும் வாகனங்கள் பற்றிய அச்சம், வளர்ந்த பெண்ணைக் காவல் காப்பதற்காக இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் ஆகிய இத்தனைக்கும் பிறகும் ஒரு குடும்பம் காப்பகத்துக்கு வர மறுக்கிறது என்றால், மாற வேண்டியது காப்பகத்தின் அமைப்பே.

இக்குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கொடுப்பதற்கான வழியாக அரசு நெடுங்காலம் நம்பியிருப்பது கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய புறநகர்க் குடியிருப்புகளை. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டிய இந்த அடுக்குமாடிகள் கூரையைத் தருகின்றன, மின்சாரத்தைத் தருகின்றன, சட்டப்படியான முகவரியையும் தருகின்றன. ஆனால் பிராட்வேயில் விடியற்காலை நான்கு மணிக்கு மூட்டை இறக்க வேண்டியவருக்கும் பூக்கடைக்குப் போக வேண்டியவருக்கும் நகரத்தின் மறுகோடியிலுள்ள பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்தில் பேருந்து கிடைப்பது அரிது. பள்ளியை மாற்ற முடியாமல் குழந்தைகளின் படிப்பு நின்றுபோவதும், வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு குடும்பம் மீண்டும் பழைய நடைபாதைக்கே திரும்புவதும் இதன் விளைவுகள். நகரின் நடுவிலேயே வாரியத்துக்குச் சொந்தமான பழைய குடியிருப்புகள் இடித்துக் கட்டப்படும்போது, அவற்றில் ஒரு பகுதியைத் தலைமுறைகளாக அதே வட்டத்தில் வாழும் நடைபாதைக் குடும்பங்களுக்கு ஒதுக்குவதே இதற்கு நேர்மையான தீர்வாக இருக்கும்.

கூரைக்கு அடுத்தபடியாக வீடற்றவர்களை வாட்டுவது காகிதம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்கும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைப் பெறுவதற்கும் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை தேவைப்படுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் முகவரி தேவைப்படுகிறது. மிகவும் தேவையுள்ளவர்கள் மிகவும் குறைவாகப் பெறுவது இப்படித்தான் நிகழ்கிறது. மழையில் நனைந்தும், திருட்டுப்போயும், நடைபாதையைச் சுத்தம் செய்ய வரும் வண்டியில் மற்றப் பொருட்களோடு அள்ளிச் செல்லப்பட்டும் ஆவணங்கள் தொலைவது இவர்கள் வாழ்வில் வழக்கமான நிகழ்ச்சி. இதில் தேர்தல் ஆணையம் காட்டியிருக்கும் வழி பிற துறைகள் பின்பற்றத்தக்கது: வீடற்ற ஒருவர் வாக்காளராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தால், அவர் குறிப்பிட்ட இடத்தில் உண்மையாகவே உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் சென்று உறுதிசெய்தால் போதும், இருப்பிடச் சான்று எதையும் அவர் காட்ட வேண்டியதில்லை. குடிமகனைத் தேடி அலுவலர் போகலாம் என்ற இந்த எளிய நியதியைக் குடும்ப அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் விரிவுபடுத்துவதில் சட்டச் சிக்கல் பெரிதாக எதுவும் இருக்க முடியாது. நன்கு நடக்கும் காப்பகத்தின் அடையாளமும் இதுவே. அங்கே படுத்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, அங்கிருந்து ஆதாரும் வங்கிக் கணக்கும் வேலையும் பெற்று வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்பதையே அதன் கணக்கேடு காட்ட வேண்டும்.

மனநோயுடன் தெருவில் அலைபவர்களின் நிலை தனியாகப் பேசப்பட வேண்டியது, தமிழகம் பெருமைப்படத்தக்க பணி நடந்திருப்பதும் இத்துறையில்தான். 1993இல் இரண்டு இளம்பெண்களான வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய பேனியன் என்ற அமைப்பு, மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் கைவிடப்பட்ட பெண்களை அடைக்கலம் என்ற தன் இல்லத்துக்கு அழைத்துவந்து சிகிச்சை அளித்தது. தெளிவு திரும்பியதும் பலர் தம் ஊரையும் உறவினரையும் நினைவுகூர்ந்து, நாட்டின் எங்கெங்கோ இருந்த குடும்பங்களுக்குத் திரும்பினார்கள். ஆனால் குணமடைந்த பின்னும் போக இடமில்லாமல், அல்லது ஏற்க ஆளில்லாமல், இல்லத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். இவர்களுக்காக 2015இல் தொடங்கிய திட்டத்தில், நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் வாடகை வீடு ஒன்றில் வசிக்கிறார்கள். துணையாளர் ஒருவர் உடனிருந்து உதவுகிறார். சமையல், சந்தைக்குப் போவது, பக்கத்து வீட்டாருடன் பேசுவது, இயன்றால் வேலைக்குச் செல்வது என வாழ்க்கை ஓடுகிறது. முதலில் குணமாகு, பிறகு வீடு தருகிறோம் என்று நிபந்தனை விதிக்காமல், வீட்டையே சிகிச்சையின் தொடக்கமாகக் கொள்ளும் அணுகுமுறை அமெரிக்காவில் 1990களில் உருவாகி, பின்லாந்தில் 2008 முதல் அரசின் கொள்கையாகவே ஆயிற்று. தமிழகத்து முயற்சி அதே நம்பிக்கையைத் தெருவும் திண்ணையும் அண்டைவீட்டாரும் உள்ள வாழ்க்கைக்குள் கொண்டுவந்திருக்கிறது. பேனியன் அமைப்புடன் இணைந்து தமிழ்நாடு அரசு மாவட்டங்களில் ஏற்படுத்தியிருக்கும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள், ஊருக்கு அருகிலேயே சிகிச்சை என்ற வகையில் மிகவும் பயனுள்ளவை.

இத்தகையவர்களைப் பற்றிச் சட்டம் சொல்வதைப் பொதுமக்கள் அறிந்திருப்பது நல்லது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலையும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அவரை அடைத்துவைப்பதைச் சட்டம் தடைசெய்கிறது. அவர் வீடற்றவரானால், காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னைக் காவல்துறை 2021இல் தொடங்கிய காவல் கரங்கள் திட்டம், ஆதரவற்றோரைத் தொண்டு நிறுவனங்களின் உதவியோடு மீட்டு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் சேர்க்கும் பணியைச் செய்கிறது. காவலரைக் கண்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிப் பழகியவர்களிடம் அதே காக்கிச் சட்டை உதவிக்கு வருவது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இம்மாநிலத்தில் வறுமையைக் குற்றமாகக் கருதிய காலத்தின் எச்சமாக நிற்கிறது. டெல்லியில் நடைமுறையிலிருந்த இதே வகைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. தலைவர்களின் வருகைக்காகவோ விழாக்களுக்காகவோ இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி நகருக்கு வெளியே கொண்டுபோய் விடுவதை மீட்பு என்று அழைக்க முடியாது. ஒருவரிடம் பேசி, அவர் சம்மதித்து வருவதே மீட்பு.

பண்டிகை நாட்களிலும் பிறந்தநாட்களிலும் உணவுப் பொட்டலம் கொடுக்கும் வழக்கம் நகரத்தில் பரவலாக இருக்கிறது. நல்ல மனத்தோடு செய்யப்படுவதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2013 முதல் ஒரு ரூபாய்க்கு இட்லி தரும் அம்மா உணவகங்கள் உள்ள நகரத்தில், ஒரே வேளையில் ஐந்து பொட்டலங்களைப் பெறும் முதியவருக்கு அவற்றைவிடத் தேவைப்படுவது வேறு. ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தாலுகா அலுவலகத்துக்கு உடன் செல்லும் ஒருவர், இரவில் மருத்துவமனைக்குத் துணைக்கு வரும் ஒருவர், கடை மூடிய பிறகு கழிப்பறையைத் திறந்துவைக்கச் சம்மதிக்கும் ஒரு வணிகர், மழை நாளில் மண்டபத்தைத் திறக்கும் ஒரு கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, நடைபாதைக் குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்ளும் ஒரு பணியாளர் ஆகியோரால் நிகழும் மாற்றம் நீண்ட காலம் நிற்கும்.

தெருவில் ஆதரவற்றுக் கிடக்கும் ஒருவரைக் காணும் வாசகர், சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழைத்துக் காப்பக உதவி கோரலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, நோயுற்றவருக்கு 108 ஆகிய எண்கள் இருக்கின்றன. அழைப்பதற்கு முன் அவர் அருகில் அமர்ந்து, அவர் பெயரையும், எங்கே போக விரும்புகிறார் என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். அழைத்த பின் வண்டி வரும்வரை உடனிருக்க வேண்டும். தங்கள் வட்டத்தில் காப்பகம் இல்லையென்றால் அதைக் கேட்டு வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமையை 2010ஆம் ஆண்டிலேயே நாட்டின் உயரிய நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.